பிள்ளைகளுக்கு மதுரையைக் காட்டுவது

சங்க காலம், பாண்டியர், நாயக்கர், கும்பினி ஆட்சி, விடுதலைப் போராட்டம் என்று வரிசை வைத்துச் சொல்லத் தொடங்கினால் எட்டு வயதுப் பிள்ளை நாயக்கர் வருவதற்குள் எழுந்து போய்விடும். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐம்பது வருஷமும் ஐந்நூறு வருஷமும் அந்த வயதில் ஒன்றுதான். இரண்டுமே ‘ரொம்ப நாளைக்கு முன்னாடி’. ஆனால் தினமும் கடந்து போகும் வீதி, உடம்பில் கிடக்கும் பருத்திச் சட்டை, ஆச்சி வீட்டுத் தாயக்கட்டை இவற்றைப் பற்றிப் பேசுங்கள்; அதே பிள்ளை கேள்வி மேல் கேள்வி கேட்கும். மதுரையில் நமக்குள்ள பாக்கியம், அந்தக் கேள்விகளுக்கு ஊரே பதில் வைத்திருப்பதுதான்.

இந்த அத்தியாயம் மதுரையிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு, சென்னையிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்து வருபவர்களுக்கு, வகுப்பைக் கூட்டிக்கொண்டு வெளியே கிளம்ப நினைக்கும் ஆசிரியர்களுக்கு. ஒன்றை மட்டும் முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்: ஒரு நாளில் ஓரிடம்தான். காலையில் கோயில், மதியம் மகால், சாயங்காலம் தெப்பக்குளம் என்று சுற்றுலாப் பேருந்துக் கணக்கில் போனால் பிள்ளையின் மனசில் கால்வலிதான் மிஞ்சும்.

முதல் நடை: வீதிகள்

தொடக்கத்துக்கு அரண்மனை வேண்டாம், வீதி போதும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கடைகள் திறக்குமுன் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி நடக்கத் தொடங்குங்கள். கோயிலுக்குள்ளே ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி. அடுத்த சுற்று ஆவணி மூல வீதி. அதற்கு வெளியே மாசி வீதி. கடைசியாக வெளி வீதி. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் இந்தச் சதுரங்களை ஒரு தாளில் தாங்களே வரைந்துவிடுவார்கள். வரைந்து முடித்ததும் ஒரு புதிர் போடுங்கள்: மாதப் பெயரில் வீதிகள் இருக்கின்றன, சரி. சித்திரைத் திருவிழாவில் தேர் சித்திரை வீதியில்தானே ஓட வேண்டும்? ஏன் மாசி வீதியில் ஓடுகிறது?

பிள்ளைகள் பலவிதமாக யோசிப்பார்கள். தேர் பெரிசு, வீதி சின்னது என்பார்கள். யோசிக்க விடுங்கள். பிறகு மதுரையில் வழிவழியாகச் சொல்லிவருவதைச் சொல்லுங்கள்: மீனாட்சி கல்யாணமும் தேரோட்டமும் முன்பு மாசி மாதத்தில் நடந்தன. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் அதை அழகர் திருவிழாவோடு சேர்த்துச் சித்திரைக்கு மாற்றினார். மாதம் மாறியது, தேர் பழைய வீதியை விடவில்லை. ஓர் அரசர் எடுத்த முடிவு இன்றைக்கும் நாம் தேர் பார்க்க எங்கே நிற்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது பிள்ளைக்கு அங்கேயே விளங்கிவிடும். நாயக்கர் என்ற பெயரும் இனி மறக்காது.

வெளி வீதிக்கு வந்ததும் கோட்டைக் கதை. 1840களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை அகலப்படுத்தினார். அந்த வேலையில் கைகொடுத்தவர்களுக்கு அங்கேயே மனை கொடுத்தார்கள். நிலத்தை அளந்த மாரட்டின் பெயரில் ஒரு வீதி, வேலையை மேய்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரில் ஒரு வீதி. கலெக்டரின் நினைவுக்கு விளக்குத்தூண். ஒரு மேஸ்திரியின் பெயர் வீதிக்கு நிலைத்திருப்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். வரலாறு என்றால் ராஜாக்கள் மட்டும் என்ற நினைப்பு அங்கேயே தளரும். பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் கோட்டையின் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. அதைக் காட்டிவிட்டு, பக்கத்திலேயே காஜிமார் தெருப் பெரிய பள்ளிவாசலையும் காட்டுங்கள். பாண்டியர் காலத்திலேயே இங்கே வந்து குடியமர்ந்த காஜியின் வழிவந்தவர்கள் நாங்கள் என்று அந்தத் தெருக்காரர்கள் சொல்வார்கள். நேரமிருந்தால் அவர்கள் வாயாலேயே கேட்க வையுங்கள்.

பஞ்சின் வழி

வீதி பழகிவிட்டால் அடுத்தது பொருள். ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு 2,000 வருஷத்தையும் நடந்து வந்துவிடலாம். மதுரையில் அதற்குப் பஞ்சைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

பருத்திப்பாலில் தொடங்குங்கள். சாயங்காலத் தள்ளுவண்டியில் வாங்கிக் கொடுப்பது எளிது. ஆனால் ஒருமுறை வீட்டில் செய்து பாருங்கள். பருத்திக்கொட்டையை இரவே ஊறப்போட்டு, காலையில் நன்றாகக் கழுவி, ஆட்டிப் பாலெடுக்க வேண்டும். இரண்டாம் பால், மூன்றாம் பால் வரை எடுக்கலாம். வடிகட்டிய பாலை அடுப்பில் ஏற்றி, பச்சை வாடை போகும் வரை கொதிக்கவிட்டு, கரைத்த அரிசி மாவை ஊற்றிக் கிண்ட வேண்டும். கெட்டிப்பட்டு வரும்போது கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலக்காய். இறக்கியபின் தேங்காய்த் துருவல். கொட்டையைச் சமையலுக்கு என்று சொல்லியே கேட்டு வாங்குங்கள். விதைப்புக்கு வைத்திருக்கும் கொட்டையில் மருந்து தடவியிருக்கும், அதை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது. பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ குடிக்கவும் கூடாது. வடிகட்டும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். துணியைப் பிழியும்போது கொட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சு இழை விரலில் சுற்றும். ‘இந்தப் பஞ்சுதான் உன் சட்டை’ என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பிறகு கரிசல் காடு. திருமங்கலத்தைத் தாண்டித் தெற்கே போகும் எந்தப் பேருந்திலும் ஜன்னலோரம் உட்கார வைத்தால் மண் நிறம் மாறுவது தெரியும். இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்து நனைத்துப் பிசையச் சொல்லுங்கள். கையில் அப்பிக்கொண்டு விடாது. ஈரத்தை இப்படிப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் வானம் பார்த்த பூமியிலும் பருத்தி விளைகிறது.

அடுத்த வாரம் கீழடி. மதுரையிலிருந்து ராமேசுவரம் சாலையில், சிலைமானைத் தாண்டியதும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது, மாவட்டம் சிவகங்கை. 2023 மார்ச் 5இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே எல்லாவற்றையும் காட்ட முயலாதீர்கள். மூன்று பொருளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: நூல் நூற்ற தக்களி, ஆடுவதற்குப் பானை ஓட்டில் தேய்த்துச் செய்த வட்டச் சில்லு, பானை ஓட்டில் கீறிய பெயர். தக்களி நம் பஞ்சுக் கதைக்கு. சில்லைப் பார்த்தால் பாண்டி ஆடிய பிள்ளை தானே அடையாளம் கண்டு கத்தும். பெயர்தான் முக்கியம்: ‘ஆதன்’ என்று தன் பானையில் எழுதி வைத்தவர் ராஜா இல்லை, சாதாரண வீட்டுக்காரர். பள்ளிக்கூடத் தண்ணீர்ப் பாட்டிலில் பெயர் எழுதும் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இங்கே கிடைத்தவற்றில் பழையவை பொது ஆண்டுக்கு முன் 6ஆம் நூற்றாண்டு வரை போகின்றன என்று 2019இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு, கரியை வைத்து எப்படிக் காலம் கணிக்கிறார்கள் என்பதையும் அங்கேயே பேசலாம்.

கீழடியில் கட்டாயம் சொல்ல வேண்டிய இன்னொரு கதை உண்டு. 2015இல் மத்தியத் தொல்லியல் துறை அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் அங்கே குழி வெட்டுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, 1970களில், அவ்வூர்ப் பள்ளிக்கூடத்து மாணவர்கள் தோப்பில் கிடைத்த பழைய பொருள்களைப் பற்றித் தங்கள் வரலாற்று ஆசிரியர் பாலசுப்பிரமணியனிடம் சொன்னார்கள். அவர் அதைச் சிரித்து ஒதுக்காமல், பிள்ளைகளோடு சேர்ந்து சேகரித்து, துறைக்குத் தெரியப்படுத்தினார். கீழடியை முதலில் கண்டது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கண்தான். இதைக் கேட்ட பிறகு உங்கள் பிள்ளை ஓட்டாஞ்சில்லு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தால் குப்பை என்று வாங்கி எறியாதீர்கள். எங்கே கிடந்தது, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று கேளுங்கள். பழையதாகத் தோன்றினால் எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

பஞ்சு அதோடு முடியவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் நுழைந்து சுற்றிப் பார்க்கும்போது துணிக்கடை வீதி ஒன்று வரும். இன்றைய விளக்குத்தூண் ஜவுளிக்கடைக் கூட்டத்தில் நின்றுகொண்டு அந்தக் கதையைச் சொல்லலாம். அங்கேயே சுங்குடிச் சேலை வாங்கும் கடைக்குள் பிள்ளையை அழைத்துப் போய், அச்சுச் சுங்குடிக்கும் கட்டுச் சுங்குடிக்கும் வித்தியாசம் காட்டச் சொல்லிக் கடைக்காரரைக் கேளுங்கள். கட்டுச் சுங்குடியின் புள்ளி ஒவ்வொன்றும் கையால் முடிச்சிட்டது. புள்ளிக்குப் புள்ளி லேசாக மாறும், முடிச்சிட்ட இடம் விரலுக்குத் தட்டுப்படும். வீட்டில் பழைய வெள்ளை வேட்டித் துண்டில் பாசிப்பயறை வைத்து நூலால் இறுக்கிக் கட்டி, படிகாரம் கரைத்த மஞ்சள் நீரில் காய்ச்சி எடுத்து, உலர்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் வெள்ளை வளையம் நிற்கும். மஞ்சள் நாளடைவில் வெளிறிவிடும், பரவாயில்லை. பத்து முடிச்சுப் போட்ட பிள்ளைக்கு, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்ட சௌராஷ்டிரப் பெண்களின் உழைப்பு விளங்கும்.

இந்த வழியின் கடைசி இடம் மேலமாசி வீதி. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, அங்கே ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்த காந்தி தொப்பியையும் சட்டையையும் விட்டுவிட்டு நான்கு முழத் துண்டோடு கீழே இறங்கினார். கதர் வாங்க எங்களிடம் காசில்லை என்று ஏழைகள் சொன்னதற்கு அவர் கொடுத்த பதில் அது. அந்தக் கட்டடத்தில் இப்போது கதர்க் கடை நடக்கிறது. அங்கிருந்து தமுக்கம் பக்கத்திலுள்ள காந்தி அருங்காட்சியகத்துக்குப் போனால், ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்த அந்தக் கட்டடத்தில், காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி இருக்கிறது. ஆறேழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அந்த அறைக்குள் கூட்டிப் போக வேண்டாம் என்பது என் எண்ணம். பெரிய பிள்ளைகளை அழைத்துப் போய் அந்தத் துணியின் முன் பேசாமல் நில்லுங்கள். கீழடித் தக்களியில் தொடங்கிய நூல் அங்கே வந்து நிற்கிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

குன்றுகள்

யானைமலையைப் பார்க்காத மதுரைப் பிள்ளை கிடையாது. மேலூர் சாலையில் எப்போது போனாலும் படுத்த யானையாகக் கூடவே வரும். கதை என்னவென்றால், பாண்டியன் மேல் ஏவிவிட்ட மாய யானையைச் சொக்கநாதர் கல்லாக்கினார். இதைத் தயங்காமல் சொல்லுங்கள், நன்றாக நடித்தே சொல்லுங்கள். அதன்பின் மலையடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயிலுக்கு அழைத்துப் போய் அங்குள்ள கல்வெட்டின் செய்தியைச் சொல்லுங்கள்: பொது ஆண்டு 770இல், பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி இந்தக் கோயிலைக் குடைந்தார். முழுவதும் முடியும் முன் காலமானார். தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தை எடுத்து வேலையை நிறைவேற்றினார். அண்ணன் விட்ட வேலையைத் தம்பி முடித்தான் என்பது எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கும்.

ஒரே மலைக்குக் கதையும் உண்டு, கல்வெட்டும் உண்டு. இரண்டையும் கலக்காமல் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். ‘இப்படி ஒரு கதை சொல்வாங்க’ என்று ஒன்றையும், ‘இப்படிக் கல்லுல எழுதியிருக்கு’ என்று மற்றதையும் தொடங்கினால் போதும். ஏழு வயதில் இந்தப் பழக்கம் வந்துவிட்டால், பதினேழு வயதில் வாட்ஸ்அப்பில் வரும் வரலாற்றையும் அதே கண்ணால் பார்ப்பார்கள்.

கீழக்குயில்குடி சமணர் மலை ஒரு முழுக் காலைப்பொழுதுக்குரியது. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், ஆலமரம். பிள்ளைகள் அங்கேயே தங்கிவிடப் பார்ப்பார்கள். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனையோரப் பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன, கீழே வட்டெழுத்து. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவில் பெரிய மகாவீரர் சிற்பம். ஒன்பது மணிக்குமேல் பாறை சுடத் தொடங்கிவிடும், எனவே ஆறு மணிக்கே ஏறுங்கள். தண்ணீரும் தொப்பியும் வேண்டும். மழை பெய்த மறுநாள் வழுக்கும், ஏறாதீர்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று நடத்திவரும் பசுமை நடையோடு சேர்ந்துகொள்ளலாம். 2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர்மக்கள் எழுந்தபோது தொடங்கிய நடை அது. தொல்லியல் அறிஞர்கள் கூடவே வந்து விளக்குவார்கள். படித்துவிட்டுப் போக விரும்பும் பெற்றோர் வெ. வேதாசலம் எழுதிய ‘எண்பெருங்குன்றம்’ நூலைத் தேடிப் பிடியுங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிப் போகும்போது

அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலைக் கூட்டத்துக்குள் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கொண்டுபோகாதீர்கள். 2022இல் அந்த நெரிசலில் உயிர்ச்சேதமே நேர்ந்தது. அழகரைப் பார்க்க ஆற்றங்கரைதான் வேண்டும் என்பதில்லை. பதினெட்டாம்படிக் கருப்பிடம் விடைபெற்றுக் கிளம்பும் அழகர், வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்றுதான் வருகிறார். அப்பன்திருப்பதியிலோ கடச்சனேந்தலிலோ ஒரு மண்டகப்படி வாசலில் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றால் சாமி கைக்கெட்டும் தூரத்தில் வரும். சர்க்கரைக் கிண்ணியில் சூடம் ஏற்றிக் காட்டுவது, தோப்பரையில் தண்ணீர் பீய்ச்சும் நேர்த்திக்காரர்கள், அழகர் வேடம் கட்டிய பையன்கள், மோர்ப்பந்தல், எல்லாம் அங்கே நிதானமாகப் பார்க்கக் கிடைக்கும். மூன்றுமாவடியில் எதிர்சேவை தொடங்கியபின் கூட்டம் கட்டுக்கு அடங்காது. எங்கே போனாலும் பிள்ளையின் கையில் உங்கள் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். தொலைந்தால் எந்த மண்டகப்படியில் வந்து நிற்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

கதை இங்கும் இரண்டு. தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவந்த அண்ணன் அழகர், தான் வருவதற்குள் தாலி கட்டி முடிந்ததென்று கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பிவிட்டார் என்பது ஊர் சொல்வது. மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுக்க வருகிறார் என்பது கோயில் சொல்வது. எது சரி என்று பிள்ளை கேட்கும். ஜனங்கள் சொல்வதும் கோயில் சொல்வதும் வேறு வேறாக இருக்கலாம், இரண்டும் ஒரே திருவிழாவில் சேர்ந்து நடக்கலாம் என்று சொல்லுங்கள். வண்டியூரில் அழகர் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்கிவிட்டு வருகிறார் என்று ஜனங்கள் சொல்லும் கதையையும் விட்டுவிடாதீர்கள். தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ ஆய்வு நூல் வீட்டிலிருந்தால், வளர்ந்த பிள்ளைகள் கேட்கும் அடுத்தடுத்த கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கும்.

திருவிழா முடிந்த இரவில் அப்பத்தாவிடம் பிள்ளையை உட்கார வையுங்கள். ‘அப்பத்தா, நீங்க சின்னப்பிள்ளையா இருக்கைல அழகர் பாக்க எப்படிப் போனீங்க?’ என்று ஒரு கேள்வி போதும். ‘கூண்டுவண்டி கட்டிக்கிட்டுப் போனோம்த்தா. புளிச்சோறு கிண்டி எடுத்துக்கிட்டு ஆத்து மணல்லயே படுத்துக்கிருவோம்’ என்று தொடங்கினால் நிற்காது. குறுக்கே திருத்தாதீர்கள். பிள்ளை ஒரு நோட்டில் அதை எழுதி வைக்கட்டும், அப்பத்தா பேச்சில் வந்த வார்த்தைகளை அப்படியே எழுதட்டும்.

மகாலும் மீனாட்சி கோயிலும் சுருக்கமாகப் போதும். 1636இல் எழும்பிய நாயக்கர் மகாலில் இன்று நிற்பது ஒரு பங்கு மட்டுமே என்பதைச் சொல்லி, ஒரு தூணைச் சுற்றி எத்தனை பிள்ளைகள் கைகோக்க வேண்டும் என்று பார்க்கச் சொல்லுங்கள். மீனாட்சி கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதுவும் நல்லதுதான், பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985தான். எண்ணிப் பார்க்கப் பந்தயம் கட்டும் பிள்ளைகளுக்காக இதை முன்கூட்டிச் சொல்லாமல் வைத்திருங்கள்.

கசப்பான கதைகள்

பெருமையை மட்டும் ஊட்டி வளர்த்த பிள்ளை முதல் முரண்பாட்டிலேயே தடுமாறும். பத்துப் பன்னிரண்டு வயதானபின் இவற்றையும் சொல்லியாக வேண்டும்.

1939 ஜூலை 8ஆம் தேதிவரை மீனாட்சி கோயிலுக்குள் இந்த ஊர்ப் பிள்ளைகள் பலர் போக முடியாமல் இருந்தது. அன்று வைத்தியநாத ஐயர் கக்கனையும் இன்னும் சிலரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் பின்னாளில் அமைச்சரானார். கோயிலுக்குப் போகும்போது வாசலில் நின்று இதைச் சொல்லிவிட்டு உள்ளே அழைத்துப் போங்கள். ‘ஏன் விடல?’ என்று பிள்ளை கேட்கும். மழுப்பாமல், சாதியைக் காரணம் காட்டித் தடுத்தார்கள், அது அநியாயம் என்று சொல்லுங்கள். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப்பரம்பரைச் சட்டத்துக்குப் பணிய மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள்மீது போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்பட 16 பேர் இறந்தார்கள். அங்கே நினைவுத் தூண் இருக்கிறது. சமணர்களைக் கழுவேற்றியதாகச் சொல்லும் கதையைச் சின்னப் பிள்ளைகளிடம் எடுக்க வேண்டாம். வளர்ந்தவர்களிடம் பேசும்போது, அது பக்தி நூல்கள் சொல்வது, உண்மையில் நடந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்தில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டு மொழியும் வெளியூர்ப் பிள்ளைகளும்

உங்கள் வகுப்பில் சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை அயலாராக நினைக்க வைக்கும் வரலாற்றைச் சொல்லாதீர்கள். குஜராத்தில் புறப்பட்டுப் பல தலைமுறை நடந்து வந்து மதுரையில் தறி போட்டவர்களின் மொழி இன்றும் தெற்கு மதுரைத் தெருக்களில் கேட்கிறது. அந்த மொழிக்குச் சொந்த எழுத்தும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு முடிவில் டி.எம். ராமராய் பாடப்புத்தகமே போட்டார். ஆனாலும் மொழி பிழைத்தது முக்கியமாக வீட்டுப் பேச்சில்தான். அந்தப் பிள்ளைகளை வகுப்பில் நாலு வார்த்தை சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

வெளியூரில் வளரும் பிள்ளைக்கு மதுரையை எப்படிக் கொடுப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. இரண்டாம் உலகப் போரில் போலந்திலிருந்து சோவியத் நாட்டுக்கு நாடுகடத்தப்பட்டு, பலர் தாய்தகப்பனையும் இழந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு 1942இல் ஜாம்நகர் மன்னர் திக்விஜயசிங் தம் கடற்கரையோரத்துப் பாலாச்சடியில் இடம் கொடுத்தார். கோலாப்பூர் பக்கம் வலிவடேயில் 1943 முதல் 1948 வரை ஏறக்குறைய 5,000 போலந்துக்காரர்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், வாழ்ந்தார்கள். போலந்தின் கோட்டையோ ஆறோ தேவாலயக் கோபுரமோ காட்ட அங்கே ஏது? கூட வந்த ஆசிரியர்கள் போலந்து மொழியில் பள்ளி நடத்தினார்கள், சாரணர் படை அமைத்தார்கள், பண்டிகைகளை விடாமல் கொண்டாடினார்கள், நாட்டு நடனம் பழக்கினார்கள், பிள்ளைகளை வைத்து நாடகம் போட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வயதானபின்னும் தங்கள் நாட்டையும் மறக்கவில்லை, சோறு போட்ட நாட்டையும் மறக்கவில்லை. வார்சாவில் அந்த மன்னரை நினைத்து ‘நல்ல மகாராஜா’ பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது.

துபாயில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் உங்களுக்கு அந்த ஆசிரியர்களைவிட வசதி அதிகம். சித்ரா பௌர்ணமி அன்று பிள்ளைக்கு அழகர் வேடம் கட்டி, அக்காவையோ தங்கையையோ மீனாட்சியாக்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து நாடகம் போடுங்கள். மொழி வேறான பிள்ளைகளும் வந்து நடிக்கட்டும். விநாயகர் சதுர்த்திக்கு முக்குறுணிப் பிள்ளையாருக்கு மூன்று குறுணி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்வதைச் சொல்லி, நீங்கள் ஒரு ஆழாக்கில் ஒன்று பிடியுங்கள். வாரம் ஒருநாள் ஊரிலிருக்கும் தாத்தாவோடு வீடியோவில் பேசும்போது, அவர் வீதியில் நடந்துகொண்டே பேசட்டும்.

கிளம்பும் முன்

அருங்காட்சியகங்களின் வார விடுமுறை நாளை விசாரித்துக்கொள்ளுங்கள். சமணர் குகைகளிலும் குடைவரைகளிலும் கழிப்பறை இருக்காது. கட்டுச்சோற்றுக் காகிதத்தைத் திருப்பி எடுத்து வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பரீட்சை வைக்காதீர்கள். பிள்ளை தானாகச் சொல்வதைக் கேளுங்கள், போதும்.

மாங்குளத்திலும் அரிட்டாபட்டியிலும் கீழக்குயில்குடியிலும் 1,000 முதல் 2,000 ஆண்டுக்கும் மேற்பட்ட பழமையுள்ள எழுத்துகள் வெட்டவெளிப் பாறையிலும் குகைக் கூரையிலும் காவலின்றி இருக்கின்றன. இத்தகைய இடங்களில் வந்துபோனவர்கள் கரியாலும் பெயிண்டாலும் சாவியாலும் தங்கள் பெயரை எழுதிச் சிதைத்திருக்கிறார்கள். மலையேறும் முன் பிள்ளையின் பையிலிருந்து மார்க்கரையும் சாக்பீஸையும் வெளியே எடுத்து வையுங்கள். எழுத்தின் மேல் தண்ணீரோ எண்ணெயோ மாவோ பூசிப் படமெடுக்க வேண்டாம், கையால் தேய்க்கவும் வேண்டாம். யாராவது கிறுக்குவதைப் பார்த்தால் சத்தம் போட்டுத் தடுங்கள், பிள்ளைக்கு முன்னால் தடுங்கள். அழிந்த கல்வெட்டை எந்தத் துறையாலும் திரும்ப வெட்டித் தர முடியாது.